100-400ஆ, 150-600ஆ? மதுரை வெயிலுக்கு எந்த டெலி லென்ஸ்

விமானம், ரேஸ் கார் என்று வேகமாகப் போவதைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸா, 150-600-ஆ என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். (மி.மீ. எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்.) மதுரையில் இருந்துகொண்டு கேட்டால் நான் 100-400 என்றுதான் சொல்வேன். 150-600 மோசமான லென்ஸ் என்பதால் இல்லை. அதன் கடைசி 200 மில்லிமீட்டருக்கு இங்கே வேலை குறைவு.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. வைத்து 300 மீட்டர் தள்ளிப் போகும் விமானத்தைப் பார்த்தால், ஃபிரேமின் அகலத்தில் அடங்குவது 18 மீட்டர்தான். மதுரைக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 விமானத்தின் நீளம் 27 மீட்டர். ஏர்பஸ் ஏ320 என்றால் 37 மீட்டருக்கு மேல். மூக்கு இருந்தால் வால் இருக்காது. 400-இல்கூட ஏடிஆர் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். சென்சார் சிறிதாக இருக்கும் கிராப் சென்சார் கேமராவில் 250 மி.மீ.-லேயே ஃபிரேம் நிறைந்துவிடும்.

சரி, இன்னும் தள்ளி நின்று எடுத்தால் என்ன? அங்கேதான் கானல் குறுக்கே வருகிறது. ஏதாவது ஓர் உயரத்தில் நின்று ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும் ஏ320-ஐ 600-இல் பிடித்தால், அது ஃபிரேமின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். படத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் வெட்டிப் பார்க்கும்போது ஜன்னல் வரிசை நெளிந்து கிடக்கும். சூடான தரையிலிருந்து எழும் காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது, அதன் வழியே வரும் ஒளியும் வளைந்து வளைந்து வருகிறது. ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், காற்றின் நடுக்கத்தை அல்ல. ஷட்டரை 1/4000 நொடிக்கு ஏற்றினாலும் நெளிந்த கோடு நெளிந்தபடியே பதியும். லென்ஸ் சரியாக ஃபோகஸ் ஆகவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு உண்மையான பிரச்சினை இதுதான் என்பது என் சந்தேகம். பங்குனி, சித்திரையில் காலை ஒன்பதரைக்கே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் வேண்டுமானால் 600 கொடுத்த காசுக்கு உழைக்கும்.

அடுத்தது வெளிச்சம். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) பெரிது, வெளிச்சம் அதிகம். 600 முனையில் எஃப் 6.3, 400 முனையில் எஃப் 5.6, இதில் எது மேல் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 என்று வைத்தால் அப்பர்ச்சரை எப்படியும் எஃப் 16-க்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். துளை அவ்வளவு சிறிதானால் சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அவ்வளவு மெதுவான ஷட்டர் எதற்கு? ஏடிஆரின் ப்ரொப்பெல்லருக்கு ஆறு றெக்கைகள், புறப்படும்போது நிமிடத்துக்குச் சுமார் 1200 சுற்று. 1/1000-இல் எடுத்தால் றெக்கை 7 டிகிரிதான் நகரும். எஞ்சின் நின்றுபோன விமானம் வானத்தில் தொங்குவது போல இருக்கும். 1/125-இல் 58 டிகிரி நகரும். இரண்டு றெக்கைகளுக்கு இடையே இருப்பது 60 டிகிரி, அதனால் வட்டம் கிட்டத்தட்ட முழுதாகிவிடும். கார் சக்கரத்துக்கும் இதே கதைதான். ஏ320-க்கு இந்தக் கவலை இல்லை, 1/1000 போதும்.

ஆக, வெயிலில் மெதுவான ஷட்டர் வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். கேனனின் இஎஃப் 100-400 இரண்டாம் பதிப்புக்கு 77 மி.மீ. ஃபில்டர், எங்கும் கிடைக்கிற அளவு. சிக்மா 150-600 கன்டெம்பரரிக்கு 95 மி.மீ. அந்த அளவில் நல்ல ஃபில்டரைத் தேடிப் பிடிப்பதும் பாடு, விலையும் எகிறும். லென்ஸ் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எடையைப் பார்த்தால் கேனன் சுமார் 1.6 கிலோ, சிக்மா 1.93 கிலோ. சிக்மாவின் ஸ்போர்ட்ஸ் மாடல் 2.86 கிலோ, அதைக் கையில் பிடித்துப் பேனிங் (ஓடும் பொருளோடு கேமராவையும் திருப்பி எடுப்பது) செய்கிறவரை நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பேனிங்கில் விமானத்தைவிடக் காருக்குத்தான் கை வேகமாகத் திரும்ப வேண்டும். 300 மீட்டர் தள்ளி 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு நொடிக்கு 13 டிகிரி திரும்பினால் போதும். 60 மீட்டர் தள்ளி 120-இல் போகும் காருக்கு 32 டிகிரி! சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வேக்கோ போவதாக இருந்தால் இதை மனதில் வையுங்கள். வேலிக்கு வெளியே தூரத்தில் நிற்க நேர்ந்தால் மட்டும் 600 கைகொடுக்கும், மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கியோடு. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024-இல் நடந்தது போன்ற இரவுப் பந்தயத்துக்கு இரண்டுமே தேறாது, 70-200 எஃப் 2.8 வேண்டும்.

கேனனின் பழைய 400 எஃப் 5.6 பிரைம், 1993-இல் வந்தது, பழைய லென்ஸ் சந்தையில் கிடைக்கிறது. 1.25 கிலோ, ஃபோகஸ் வேகம் இன்றைக்கும் குறைசொல்ல முடியாதது. ஸ்டெபிலைசர் இல்லை, ஜூம் இல்லை. கிட்டே வந்த விமானம் ஃபிரேமைவிட்டு வழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கையில் காசு குறைவு, கேனனின் மிரர்லெஸ் வரிசையான ஆர்எஃப் கேமரா இருக்கிறது என்றால் 635 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 100-400 நல்ல தேர்வு. 400-இல் எஃப் 8 என்று ஏளனம் செய்வார்கள். நம் வெயிலில் எஃப் 8-க்கே ஃபில்டர் தேட வேண்டியிருக்கிறது, விடுங்கள். மாலை மங்கிய பிறகுதான் அது கஷ்டப்படும்.

மதுரை ரன்வே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தென்பக்கம் நின்றால் விமானத்தின் மேல் வெளிச்சம் விழும். விமான நிலைய வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. வெளியே பொதுச் சாலையில் நின்றாலும் காவலர்கள் வந்து விசாரிக்கலாம். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 150-600 வாங்கச் சொல்வேன் என்றால் ஒரே ஓர் ஆளுக்கு: விமானம் இல்லாத வேளையில் சாமநத்தம் கண்மாய்க்குப் போய்ப் பறவைகளையும் எடுக்கிறவருக்கு. நாரைக்கு 400 பத்தாது.