சூடோமோனாஸ் டால்க் பொடி: ஏலக்காய்க்கும் மிளகுக்கும் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கட்டப்பனையிலோ குமுளியிலோ மருந்துக் கடையில் நிற்கும்போது கம்பெனிப் பெயரைவிடத் தயாரித்த தேதியைப் பாருங்கள். பாக்கெட்டுக்குள் இருப்பது செடியை நோயிலிருந்து காக்கும் உயிருள்ள பாக்டீரியா. பேசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியா போல வித்தாக மாறித் தாக்குப்பிடிக்கத் தெரியாதது. மாதம் போகப் போக எண்ணிக்கை இறங்கிவிடும். மூன்று மாதம் தாண்டியது வேண்டாம். தேதி புதிதாக இருந்தாலும், வாசலில் வெயில்படக் கிடந்த பாக்கெட் வேண்டாம். பொடி கட்டிதட்டியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, திருப்பிக் கொடுங்கள்.

பூஞ்சாண மருந்து என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். வேரடியில் இரும்புச்சத்தைக் கவர்ந்துகொண்டு நோய்க் கிருமியைப் பட்டினி போடுவது இதன் ஒரு வேலை. பெரிய வேலை செடிக்குள் நடக்கிறது. பாக்டீரியா வேரில் குடியேறியதும் ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற செடியின் ஹார்மோன்கள் வழியாக இலைவரை சேதி போகிறது. செடி அப்போதே எதிர்ப்புச் சக்தியைச் செலவழிப்பதில்லை. கிருமி தொட்டதும் வேகமாகவும் பலமாகவும் எதிர்க்கத் தயாராகிவிடுகிறது, அவ்வளவுதான். 1991-இலேயே கார்னேஷனிலும் வெள்ளரியிலும் இதைக் காட்டிவிட்டார்கள். அதனால் நோய்க்கு முன்னால் கொடுத்தால்தான் பலன். வாட்டம் விழுந்து கணுக்கணுவாக உதிரும் மிளகுக் கொடிக்கு ஊற்றுவது வீண் செலவு.

‘வறட்சியும் தாங்கும்’ என்று கடையில் சொல்வார்கள். சில வகைகளுக்கு அது உண்மை. வறட்சியிலும் நீர் தேங்கும்போதும் செடியில் எத்திலீன் கூடி வேர் வளர்ச்சி நின்றுபோகும். அந்த எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசியை உடைக்கும் நொதி அந்த வகைகளில் இருக்கிறது. எல்லா வகையிலும் கிடையாது. அதை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

கேரளத்தில் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 20 கிராம். தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் ஊரில் வாங்கிய பாக்கெட்டில் வேறு அளவு இருக்கலாம், படித்துப் பாருங்கள். மிளகுத் தண்டுகளை இந்தக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து நடலாம். தூரில் ஊற்றுவதானால் மண் ஈரமாக இருக்க வேண்டும், நேரம் சாயங்காலம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. ஓடை, கிணற்றுத் தண்ணீர் நல்லது. டால்க் அடியில் படியும், நாசில் அடைக்கும். துணியில் வடிகட்டி, டேங்கைக் கலக்கிக்கொண்டே இருங்கள். எருவோடு போடுவதானால் 2.5 கிலோ பொடிக்கு 50 கிலோ மக்கிய சாணி எரு.

நம் மலையில் இது பலிக்காமல் போக முக்கியக் காரணம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. அதிலுள்ள தாமிரம் இந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். 15 நாள் இடைவெளி கட்டாயம்: மே நடுவில் போர்டோ அடித்தால் சூடோமோனாஸ் ஜூன் முதல் வாரம். நோயை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று அடக்கும். அதைத் தனியாக எருவில் கொடுங்கள்.