6.5 கிரீட்மூருடன் ஏழு வேட்டைப் பருவங்கள்

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கு முதன்முறையாக உரிமம் பெற்றபோது, பெரிய விலங்குக்குப் பெரிய தோட்டாதான் வேண்டும் என்று நினைத்து 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டாவுக்கான ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். 1963 முதல் புழக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டாவின் ஆற்றலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை என் தோளில் இருந்தது. பயிற்சித் திடலில் நண்பர் ஒருவர், எனக்குச் சொல்லாமல் மருந்தில்லாத போலித் தோட்டாவை இட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். விசையை அழுத்தினேன், வெடி கேட்கவில்லை, குழல்முனை மட்டும் வெடுக்கென்று கீழே இறங்கியது. வரப்போகும் உதையை எண்ணி உடல் முன்கூட்டியே செய்யும் இந்தச் சேட்டை 100 கஜத்தில் இரண்டு அங்குலப் பிழையாகத் தெரிந்தால், 400 கஜத்தில் அது எட்டு அங்குலமாகிவிடும்.

மறு ஆண்டே அந்த ரைஃபிளை விற்றுவிட்டு, 6.5 மி.மீ. வகைத் தோட்டாவான 6.5 கிரீட்மூருக்கு மாறினேன். ஹார்னடி நிறுவனம் 2007இல் இலக்குச் சுடும் போட்டிகளுக்காக வெளியிட்ட இத்தோட்டாவில், நீண்டு மெலிந்த குண்டு மருந்தறைக்குள் அதிகம் புதையாமல் பொருந்தும்படி கூடு (குண்டையும் மருந்தையும் தாங்கும் உலோக உறை) குட்டையாக வடிவமைக்கப்பட்டுள்ளது. அந்த நீண்ட குண்டை நிலைப்படுத்த, குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புரியும் எட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்ற அளவில் இறுக்கமாக வெட்டப்படுகிறது. நான் பயன்படுத்தும் 143 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) எடையுள்ள குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 2700 அடி வேகத்தில் கிளம்புகிறது. ஒரே எடையுள்ள ரைஃபிள்களில் ஒப்பிட்டால் இதன் பின்னுதை மேக்னத்தினுடையதில் பாதிக்கும் குறைவு. தோள் வலிக்காததால் ஒரு கோடையில் முந்நூறு தோட்டாக்கள் வரை சுட முடிந்தது, என் குறி திருந்தியதும் அதனால்தான்.

200 கஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்), இந்தக் குண்டு 300 கஜத்தில் சுமார் 8 அங்குலமும் 400 கஜத்தில் சுமார் 22 அங்குலமும் கீழிறங்குகிறது. ஆனால் இறக்கம் கணக்குக்கு அடங்கிய விஷயம். தொலைவளவி தொலைவைச் சொன்னால் ஸ்கோப்பின் திருகு மீதியைப் பார்த்துக்கொள்ளும். காற்றுக்கும் ஒரு திருகு உண்டு, ஆனால் வழிநெடுக வீசும் காற்றை அளந்து சொல்ல அப்படி ஒரு கருவி இல்லை. மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்றில், 400 கஜத்தில் என் குண்டு சுமார் 10 அங்குலமும், 308 வின்செஸ்டர் என்ற மற்றொரு தோட்டாவின் 178 கிரெய்ன் குண்டு அதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாகவும் விலகும். மரமே இல்லாத கிழக்குச் சமவெளியில் பிராங்ஹார்ன் மான்களைத் தேடிப் போகும்போது அந்த ஓரிரு அங்குலத்தின் அருமை புரியும். ஐம்பது கிலோவைச் சுற்றி எடையுள்ள அந்த விலங்குக்கு இத்தோட்டா தாராளமாகப் போதும். ஏழு பருவங்களில் இரண்டாவது குண்டு ஒருமுறைதான் தேவைப்பட்டது.

எல்க் வேறு கதை. கொலராடோவின் விதி, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றலும் எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன் குண்டும் கேட்கிறது; 6.5 அதை எளிதாகத் தாண்டிவிடுகிறது. ஆயினும் சட்டம் அனுமதிப்பதும் இருநூறு கிலோவைத் தாண்டிய உடலுக்குள் தடித்த தோள் எலும்பைக் கடந்து போதிய ஆழம் செல்வதும் ஒன்றல்ல. 240 கஜத்தில் நான் சுட்ட பெட்டை எல்க், நுரையீரலில் நேராக அடிபட்டும் அடர்ந்த ஊசியிலை மரக்கூட்டம் வரை எழுபது தப்படி ஓடித்தான் விழுந்தது. குருதித் தடமோ மிகவும் மெலிதாகவே இருந்தது. குண்டின் விட்டம் பெரிது என்றால் வெளியேறும் துளையும் பெரிதாக இருந்திருக்கும், தேடும் நேரமும் குறைந்திருக்கும். அதன் பின் எல்க்குக்கு 300 கஜம் என்று எனக்கு நானே எல்லை வகுத்துக்கொண்டேன். மூன்றாண்டுகளுக்கு முன் 430 கஜத்தில் நின்ற ஆண் எல்க் ஒன்றை, பக்கவாட்டுக் காற்று ஓயாததால் சுடாமலே விட்டேன். அத்தொலைவைக் கடக்க என் குண்டுக்கு அரை நொடிக்கும் மேல் ஆகும். அதற்குள் அது ஓர் அடி எடுத்து வைத்தாலே நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் பட்டுவிடும்.

எல்க்குக்கு மட்டுமே ஒரு ரைஃபிள் வாங்குவதானால், 1962இல் வந்த 7 எம்எம் ரெமிங்டன் மேக்னத்தையோ 2022இல் வந்த 7 எம்எம் பிஆர்சியையோ இன்று பரிசீலிப்பேன். இரண்டின் உதையும் 6.5ஐ விடக் கூடுதல், 300 மேக்னத்தை விடக் குறைவு. நண்பரின் பிஆர்சியைக் கடந்த மாதம் இருபது முறை சுட்டேன். பதினைந்தாவது தோட்டாவில் அதே போலித் தோட்டாவை அவர் மீண்டும் இட்டுப் பார்த்தார். குழல்முனை சற்றே அசைந்தது.