புகைபோக்கியில் மடக்குவதா, காற்றிலிருந்து இழுப்பதா?

கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்கடியில் புதைப்பதற்கு இன்று இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஆலையின் புகைபோக்கியிலேயே மடக்குவது ஒன்று. வெளியே போய்க் கலந்துவிட்டதைக் காற்றிலிருந்து திரும்ப இழுப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வேலைதானே என்று சேர்த்துப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகையில் 12 முதல் 15 சதவீதம் கரியமில வாயு. வெளிக்காற்றிலோ 0.04 சதவீதம்தான். ஒரு டன் பிடிக்கப் புகை என்றால் ஏறத்தாழ 5,000 கன மீட்டர் போதும். காற்று என்றால் 13 லட்சம் கன மீட்டரை விசிறி வைத்து இழுக்க வேண்டும், அதுவும் கொஞ்சம்கூடத் தப்பவிடாமல் பிடித்தால்!

சரி, அப்படியானால் புகைபோக்கிதான் என்று முடித்துவிடலாமா? அங்கே நடப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். குளிரவைத்த புகை உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து ஏறும்; மேலிருந்து அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல் மழைபோல் இறங்கும். 40 டிகிரி வாக்கில் கரைசல் வாயுவைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் அதை இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். இந்தச் சூட்டில்தான் சிக்கல். டர்பைனைச் சுழற்ற வேண்டிய நீராவி இங்கே திரும்புவதால், மின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போய்விடும்.

கனடாவின் பவுண்டரி டேம் அனல்மின் நிலையம் 2014-ல் இதைத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்பது இலக்கு. அதை எட்ட முடியாமல் தடுமாறியது. பிடித்ததில் பெரும்பகுதி, எண்ணெய் வயலில் மிச்ச எண்ணெயை வெளியே தள்ளத்தான் போனது. மின்சாரத்துக்குச் சூரியனும் காற்றும் இருக்கும்போது, நிலக்கரிக்கு இப்படி ஆயுளை நீட்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சிமென்ட் கதை வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கல்லிலிருந்தே கரியமில வாயு கிளம்பும். எந்த எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது; சிமென்ட் ஆலை விடும் வாயுவில் பாதிக்கு மேல் இப்படி வருவதுதான். இங்கே புகைபோக்கியில் மடக்குவதை மனதார ஆதரிக்கிறேன். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு 2025-ல் திறக்கப்பட்டது. புதைத்தது தங்குமா என்று கேட்பவர்களுக்கும் அதே நாட்டில் பதில் இருக்கிறது: ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கடலடி மணற்பாறைக்குள் வாயுவைச் செலுத்திவருகிறார்கள்.

காற்றிலிருந்து இழுப்பதற்குப் பேர்போனது ஐஸ்லாந்து. 2021-ல் தொடங்கிய ஓர்கா நிலையத்தின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். 2024-ல் வந்த மம்மத்துக்குத் திட்டமிட்ட திறன் 36,000 டன். எரிசக்தித் துறை மட்டும் ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் வெளியிடும் உலகில் இது எம்மாத்திரம்! ஆனால் புதைக்கும் விதம் அழகு. வாயுவை நீரில் கரைத்து, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறைக்குள் செலுத்துகிறார்கள். சோதனையில் இரண்டே ஆண்டுகளில் பெரும்பகுதி கல்லாகிவிட்டது. துளையிட்டு எடுத்த கறுத்த பாறைத் துண்டின் பொத்தல்களில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான்.

எனக்கு இடிப்பது ஆற்றல் கணக்கு. காற்றிலிருந்து ஒரு டன் இழுக்க, வெப்பமும் மின்சாரமுமாகச் சுமார் 2,000 யூனிட் ஆகிறது. அதே 2,000 யூனிட்டைப் பசுமை மின்சாரமாக மின்வலைப்பின்னலுக்குக் கொடுத்து நிலக்கரி மின்சாரத்தைக் குறைத்தால், ஏறத்தாழ இரண்டு டன் வெளியேறாமலே தடுக்கலாம். ஐஸ்லாந்தில் இந்தக் கேள்வி எழாது. அங்கே மின்சாரம் அநேகமாக முழுவதும் நீரிலிருந்தும் புவிவெப்பத்திலிருந்தும் வருகிறது, விலக்குவதற்கு நிலக்கரியே இல்லை. நிலக்கரி இன்னும் எரியும் நாடுகளில் அந்த விசிறிகள் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும்.