கே.கே. நகரில் ஜெர்மன் பெயர் பார்த்துத் தரும் டீச்சர்: பேத்திக்காகப் போய்வந்த அனுபவம்

மகளும் மருமகனும் ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கிறார்கள். மருமகன் ஜெர்மன்காரர். பேத்தி பரணியில் பிறந்தாள். லி, லு, லே, லோ எழுத்தில்தான் பெயர் என்று என் வீட்டுக்காரர் உறுதியாக நின்றார். மகள் கேட்டது வேறு. முதல் பெயர் ஜெர்மன் பெயராக இருக்க வேண்டும், ஆனால் வகுப்பில் நாலு பேருக்கு இருக்கிற பெயர் வேண்டாம்; இரண்டாவது பெயரை நாங்கள் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி முடித்துக் கொடுத்தவர் மதுரை கே.கே. நகர் ஆர்ச்சுக்கு உள்ளே ஒரு வீட்டு மாடியில் ஜெர்மன் வகுப்பு எடுக்கும் டீச்சர். பெயர் பார்த்துத் தருவது அவருக்குப் பக்கத்தொழில்தான். பிள்ளைகளை அந்த நாட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் மதுரையில் நிறைய இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

இவரிடம் போவதற்கு முன்னால் இணையத்தில் ஒரு பெயர்ச் சேவைக்குப் பணம் கட்டியிருந்தோம். நீளமான பட்டியல் ஒன்று மெயிலில் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போர், வெற்றி, வலிமை என்று அர்த்தம் போட்டிருந்தார்கள். அந்தப் பெயர் எந்த வயதுப் பெண்ணுக்கு இருக்கும், எந்தப் பக்கத்தில் வைப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

டீச்சர் எழுத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அம்மா, மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் எது?" என்பதுதான் முதல் கேள்வி. ஃபுல்டா என்றேன். உடனே நோட்டை எடுத்துவிட்டார். வீப்கே, அன்த்யே, ஃப்ராவ்கே எல்லாம் வடக்கே கடலோரத்துப் பெயர்கள், வால்புர்கா என்றால் தெற்கே பவேரியாவை நினைப்பார்கள், ஃபுல்டா நடுவில் ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருக்கிறது, பழைய கத்தோலிக்க ஊர், அதற்கென்று பெயர்கள் உண்டு என்றார்.

அடுத்து வயதுக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹெல்கா, உர்சுலா, இங்ரிட், கிசெலா எல்லாம் 1930-களில் பிறந்தவர்களின் பெயர்கள். நம் ஊர் சரோஜா, பங்கஜம் போல, கேட்டதும் வயது தெரிந்துவிடும். சபீனே, பெட்ரா, சுசானே 1960-களின் பெயர்கள். ஸ்டெஃபானி, நிக்கோல் அதற்கும் பின்னால் வந்தவை. ஆனால் கொள்ளுப்பாட்டிகள் காலத்து எம்மா, இடா, ஃப்ரீடா, கிளாரா இப்போது மறுபடி குழந்தைகளுக்கு வந்துவிட்டன. எம்மா, எமிலியா, மியா, ஹன்னா பல வருடங்களாக முன்வரிசையில் இருக்கின்றன. வீஸ்பாடனில் இருக்கும் ஜெர்மன் மொழிச் சங்கம் அதிகம் வைக்கப்படும் பெயர்களை 1977 முதல் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலின் மேல் வரிசையில் இருந்தால் அடித்துவிடுவது, அறுபது எழுபது வயதுக்காரர்களுக்கு மட்டுமே இருக்கும் பெயர் என்றால் அதையும் அடித்துவிடுவது என்று வடிகட்டிக்கொண்டே போனார். தனித்து நிற்கும் பெயர் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நட்சத்திர எழுத்தை அதற்கு அப்புறம்தான் சொன்னோம். அவர் முகம் சுளிக்கவில்லை. எண்கணிதம் மட்டும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. லேனா, லேனி, லீனா, லூயிசா எல்லாம் அங்கே நிறையப் பேருக்கு இருப்பதால் முதலிலேயே போய்விட்டன. லோட்டே என்ற பெயரை மாப்பிள்ளை வீட்டில் ஆசையாகச் சொல்லியிருந்தார்கள். நம் வீட்டில் கூப்பிட்டால் லோட்டா என்றுதான் காதில் விழும், குழந்தை லீவுக்கு மதுரை வரும்போது தெருப்பிள்ளைகள் விட மாட்டார்கள் என்று டீச்சரே எடுத்துச் சொன்னார். லிசெலோட்டே எனக்கு ஆசையாக இருந்தது. அந்தப் பெயரில் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு இளவரசி இருந்தார். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் தம்பியைக் கட்டிக்கொண்டு போய், அங்கிருந்து ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், எனக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அதுவும் பாட்டிகள் காலத்துப் பெயர், அதோடு பாதி லோட்டேதான் என்றார். லூயிட்கார்ட் அரசிகளுக்கு இருந்த பழைய பெயர், கம்பீரம் உண்டு, நாக்கில் நிற்கவில்லை.

கடைசியில் நோட்டில் நின்றது லியோபா. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்கு வந்த துறவி, நன்றாகப் படித்தவர், டாவ்பர்பிஷோஃப்ஸ்ஹைம் மடத்துக்குத் தலைவியாக இருந்தவர். அவரை வரவழைத்த உறவினர் போனிஃபாசியுஸின் சமாதி ஃபுல்டா பேராலயத்தில் இருக்கிறது. லியோபாவின் பேரைச் சொல்லும் பழைய தேவாலயமும் ஃபுல்டாவை ஒட்டிய பீட்டர்ஸ்பெர்க் குன்றின் மேல் இருக்கிறது. சம்பந்தியம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் பட்ட சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது. கிறிஸ்தவப் பெயராயிற்றே என்று சொந்தத்தில் ஒருவர் இழுத்தார். கீழவெளி வீதி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்த வீடு எங்களுடையது, அதனால் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

டீச்சர் செய்த இன்னொரு காரியம். அவர் வகுப்பில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகத் தயாராகும் நர்ஸ் பெண்கள் பலர் இருக்கிறார்கள். பெயர்களைப் பலகையில் எழுதி அவர்களை வாசிக்கச் சொன்னார். லூயிட்கார்டில் ஆளுக்கு ஒரு மாதிரி தடுமாறினார்கள். லியோபாவை எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தார்கள். எங்களையும் வீட்டுக்குப் போய் உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். திட்டும்போதும் கூப்பிட்டுப் பாருங்கள் என்றார்.

சட்டமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறப்பை ஒரு வாரத்துக்குள் அங்குள்ள பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும், பெயரைக் கொடுக்க ஒரு மாதம் வரை நேரம் உண்டு என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. தமிழ்ப் பெயரைப் பதிய மாட்டோம் என்பார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "சார், கிரண் கேஸ் இருக்கிறது" என்று ஆரம்பித்தார். இந்திய வேர் கொண்ட ஒரு குடும்பம் மகளுக்குக் கிரண் என்று பெயர் வைக்க, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று அதிகாரிகள் மறுத்திருக்கிறார்கள். 2008-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் இரண்டாவது பெயர் மீனாட்சி, அதில் சந்தேகமே இல்லை என்றார். ஆனால் நாம் ஆங்கிலத்தில் எழுதுகிற மாதிரி இரண்டு 'ஈ' (ee) எழுத்துப் போட்டால் அங்கே மேனாட்சி என்று படிப்பார்கள், ஒரே ஒரு 'ஐ' (i) போதும் என்று திருத்தினார். பதிவாவதற்கு முன்னால் இது தெரிந்தது பெரிய உதவி.

குறைகளும் உண்டு. மாலை வகுப்பு நேரத்தில் போன் எடுக்கவே மாட்டார். படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். எல்லாம் கையெழுத்துத் தாளில்தான் வருகிறது. மகளுக்கு அனுப்ப நான் தனியாகத் தட்டச்சு செய்தேன். வீடியோ காலில் மகளையும் மருமகனையும் சேர்த்து உட்கார்ந்த இரண்டாவது அமர்வுக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். முதல் அமர்வு 1,500 ரூபாய், அடுத்தது 800. பட்டியலுக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் எனக்கு இது அதிகமாகத் தெரியவில்லை.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள். ஜாதகத்தை விட முக்கியமாக, மாப்பிள்ளையின் அம்மா, பாட்டி, அத்தைமார் பெயர்களை அவரவர் பிறந்த வருடத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். சொந்த ஊருக்கு அடுத்தபடி அவர் அதைத்தான் கேட்கிறார். ஆண் குழந்தைக்கும் பார்க்கிறாராம்.