அன்கி: ஜெர்மன் படிக்கும் தமிழர் அமைத்துக்கொள்ள வேண்டிய விதம்

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே இன்ஸ்டிட்யூட் அவற்றுக்காக வெளியிடும் சொற்பட்டியல்களில், தொடக்க நிலையான ஏ1-க்கு ஏறத்தாழ 650 சொற்கள், ஏ2-வுக்கு 1,300, பி1-க்கு 2,400. அந்நிறுவனத்தின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவன் வகுப்பில் படித்தாலும், வீட்டில் உட்கார்ந்து தானாகவே படித்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆறு மாதம் கழித்துத் தேர்வு அறையில் அது நாக்கு நுனிக்கு வர வேண்டுமே, அங்கேதான் பாடு. அந்த ஒரு வேலைக்கென்றே உருவான மென்பொருள் அன்கி: ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் கொண்ட கார்டுகளை, மறக்கப்போகும் சமயம் பார்த்து, மேலும் மேலும் நீளும் இடைவெளிகளில் திரும்பக் காட்டும். அதை இவ்வளவு நன்றாகச் செய்யும் வேறொரு இலவசக் கருவியைப் பரிந்துரைக்க எங்களால் முடியாது. ஆனால் நிறுவியபடியே விட்டு, இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் கார்டுகளை இறக்கிப் போட்டுப் படித்தால், தமிழ் பேசுகிறவருக்கு அதன் பலனில் பெரும்பகுதி கைக்கு வராது.

அன்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். டேமியன் எல்ம்ஸ் 2006-ல் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. கணினியில் இலவசம். ஆண்ட்ராய்டில் அன்கிட்ராய்டு இலவசம். ஐபோனுக்கான அன்கிமொபைல் மட்டும் அமெரிக்க விலையில் 24.99 டாலர், ஒரு முறை கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. அந்தத் தொகை கட்டுப்படியாகாதவர்கள் ஐபோன் உலாவியில் அன்கிவெப் தளத்தைத் திறந்து செலவில்லாமல் படிக்கலாம். செயலிக் கடைகளில் ஏறக்குறைய இதே பெயரில் தொடர்பில்லாத வேறு செயலிகளும் இருக்கின்றன. ஆகவே பணம் கட்டுமுன் அன்கிமொபைல் என்ற முழுப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் அடியில் இருக்கும் ஆராய்ச்சி பழையது, உறுதியானது. ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்து 1885-ல் எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் முறையை மொழி கற்பித்தலுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரான பால் பிம்ஸ்லர், 1967-ல் ஒரு கால அட்டவணையே போட்டுக் காட்டினார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள் என்று இடைவெளி ஏறத்தாழ ஐந்து மடங்காக விரிந்துகொண்டே போகும். கார்பிக்கியும் ரோடிகரும் 2008-ல் வெளியிட்ட சோதனைதான் மொழி மாணவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன சொல்லையும் திரும்பத் திரும்பக் கேள்வியாகக் கேட்ட குழுக்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தன. அப்படிச் சொன்ன சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டு, பார்த்துப் படிப்பதை மட்டும் தொடர்ந்த குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சியது. நோட்டில் எழுதிய சொற்களை மறுபடி மறுபடி வாசிப்பவர் ஏன் தேர்வில் தடுமாறுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

நிறுவியதும் மாற்ற வேண்டியவை சில. கார்டுக் கட்டின் (டெக்) அமைப்புகளுக்குள் போனால் நாளொன்றுக்குப் புதிய கார்டு 20 என்று இருக்கும். அதை 10 ஆக்குங்கள். புதிய கார்டு எத்தனையோ, நாளடைவில் அன்றாட மறுபார்வை அதைப்போல் ஏழெட்டு மடங்கிலிருந்து பத்து மடங்கு வரை வந்து நிற்கும். 10 என்றால் சுமார் 100 மறுபார்வை; கார்டுக்கு 8 நொடி வைத்தால் 13 நிமிடம். 20 என்றே விட்டால் இரண்டாம் மாதத்தில் அரை மணி நேரம் விழுங்கும், மூன்றாம் மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள். நாளுக்கு 10 என்ற கணக்கில் பி1 பட்டியல் 240 நாளில் முடியும். அவசரக்காரருக்கு இது நீளமாகத் தோன்றலாம், ஆனால் நிற்கும்.

அடுத்து, அதே பக்கத்தில் கீழே எஃப்எஸ்ஆர்எஸ் என்ற பொத்தான் இருக்கும். அதை இயக்குங்கள். முன்பு அன்கி, 1987-ல் பியோத்ர் வோஸ்னியாக் தன் சூப்பர்மெமோ மென்பொருளுக்காக எழுதிய எஸ்எம்-2 கணக்கீட்டின் வழியில்தான் இடைவெளிகளை வகுத்தது. 2023-ல் வந்த 23.10 பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் உள்ளேயே கிடைக்கிறது. அது உங்கள் விடைகளைப் பார்த்து உங்கள் மறதிக்கு ஏற்ப நாள் குறிக்கிறது. எவ்வளவு நினைவில் நிற்க வேண்டும் என்ற எண் 0.90 என்றிருக்கும். அதை அப்படியே விடுங்கள். 0.95 ஆக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் நினைவைவிடக் கூடுதலாகும் வேலை மிக அதிகம். மாதம் ஒரு முறை ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்தினால் போதும். ஒரே சொல்லின் இரு பக்கக் கார்டுகளும் ஒரே நாளில் வந்து ஒன்று மற்றொன்றுக்கு விடை சொல்லிக்கொடுக்காமலிருக்க, பரி சிப்ளிங்ஸ் என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள்.

இனிக் கார்டு. ஆயத்தக் கட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு ஜெர்மனில் விடை கேட்பவை. தமிழ் பேசுகிறவருக்கு அது சுற்று வழி. பல இடங்களில் தப்பான வழியும்கூட. ஆங்கிலத்தின் யூ என்ற ஒரே சொல்லுக்கு ஜெர்மனில் டூ, ஈயர், ஸீ என்று மூன்று. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை வாய்மொழியாகவே பழகிய நமக்கு டூவும் ஸீயும் கற்றுத்தர வேண்டியதே இல்லை. பலரைச் சேர்த்து உரிமையோடு அழைக்கும் ஈயர் மட்டுமே புதிது. 'எனக்கு இந்தப் புத்தகம் பிடித்திருக்கிறது' என்பதில் 'எனக்கு' நான்காம் வேற்றுமை. ஜெர்மனின் 'டாஸ் பூஹ் கெஃபெல்ட் மியர்' வாக்கியத்திலும் மியர் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் 'நான்' எழுவாயாகி வாக்கியம் கெடும். காரணம் சொல்லும் 'வைல் இஹ் மூடெ பின்' போன்ற துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் 'நான் களைப்பாக இருப்பதால்' என்பதன் வரிசைதான். ஆகவே ஜெர்மன் சொல்லை விடையாகக் கேட்கும் கார்டில் கேள்விப் பக்கம் தமிழில் இருக்கட்டும்.

தமிழில் கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. 'போ' என்று மட்டும் எழுதினால் நடந்து போகும் கேஹன் விடையா, வண்டியில் போகும் ஃபாரன் விடையா? 'தெரியும்' என்றால் செய்தி தெரிந்த விஸ்ஸனா, ஆளைத் தெரிந்த கென்னனா? ஒற்றைச் சொல்லைக் கேள்வியாக்கினால் ஒவ்வொரு நாளும் இதில் சறுக்குவீர்கள். மறதியால் வந்த தவறல்ல, கேள்வியின் தவறு. 'போ, பஸ்ஸில்' 'தெரியும், அந்த ஆளை' என்று ஓரிரு சொல் சேர்த்துவிடுங்கள்.

மாறாக, தமிழ் நம்மை இழுத்துச் சறுக்க வைக்கும் இடங்களும் இருக்கின்றன. 'பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்' என்பதில் உள்ள 'க்காக' நம்மை ஃப்யூர் என்று சொல்லத் தூண்டும். ஜெர்மன் கேட்பதோ அவுஃப். இப்படி வினையோடு ஒட்டி வரும் முன்னிடைச் சொற்களுக்கு க்ளோஸ் வகைக் கார்டு நல்லது: 'இஹ் வார்ட்டெ அவுஃப் டேன் புஸ்' என்ற வாக்கியத்தில் அவுஃப் மட்டும் மறைந்திருக்கும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்துவிடும். ஒரு கார்டில் ஒரே ஒரு மறைப்பு; மூன்று இடத்தை மறைத்தால் எதை மறந்தீர்கள் என்று அன்கிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியாக எழுதாதீர்கள். மேசையை 'டேர் டிஷ், டீ டிஷெ' என்று ஒருமையும் பன்மையுமாக ஒரே விடையாக எழுதுங்கள். உயிரற்றவை எல்லாமே அஃறிணை என்று பழகிய மனதுக்கு மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்பது ஒட்டாது. 'கள்' போட்டால் பன்மை என்பதும் அங்கே செல்லாது. சொல்லைக் கற்ற பிறகு பாலைத் தனியே சேர்ப்பது இரண்டாவது முறை கற்பதற்குச் சமம். ஆனால் உங், ஹைட், கைட் என்ற விகுதிகளில் முடிபவை டீ (பெண்பால்), ஹென் விகுதியில் முடிபவை டாஸ் (இரண்டும் அல்லாத பால்) என்ற விதிகளை ஒரு முறை கற்றுவிட்டால் நூற்றுக்கணக்கான கார்டுகளில் பால் கேள்வியே எழாது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கார்டில் எழுதும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். வாசிப்புக்காக இங்கே அப்படித் தந்திருக்கிறோம். கார்டில் அது நஞ்சு. ரொட்டி சுடும் வினைக்கும் பெட்டி கட்டும் வினைக்கும் ஜெர்மனில் முதல் ஒலி மட்டுமே வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் 'பாக்கன்'தான். எழுத்து ஜெர்மனாக இருக்கட்டும், ஒலியைக் கோப்பாக இணையுங்கள். தாய்மொழியாளர் பதிவுகள் ஃபோர்வோ தளத்தில் கிடைக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் ஹைப்பர்டிடிஎஸ் என்ற துணைநிரல் கணினிக் குரலில் சேர்த்துத் தரும். சொல் அளவில் கணினிக் குரல் போதும்.

இரு திசைக் கார்டு எல்லாச் சொல்லுக்கும் வேண்டாம். 2,400 சொல் 4,800 கார்டாகிவிடும். வாசித்தால் புரிந்தால் போதும் என்ற சொல்லுக்கு ஜெர்மனிலிருந்து தமிழ். பேசவும் எழுதவும் வேண்டிய சொல்லுக்கு மட்டும் மறுதிசையும். இதற்கென்றே உள்ளே ஒரு வகை இருக்கிறது: ஆப்ஷனல் ரிவர்ஸ்டு கார்டு. அதன் கடைசிக் கட்டத்தில் (கார்டின் விவரங்களை நிரப்பும் இடங்களுக்கு ஃபீல்டு, அதாவது கட்டம் என்று பெயர்) ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டால் மறுதிசைக் கார்டு பிறக்கும், காலியாக விட்டால் பிறக்காது.

சொற்களை எக்செல்லில் தட்டச்சிட்டு மொத்தமாக ஏற்றுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், அல்லது கூகுள் ஷீட்ஸில் தயாரித்து இறக்குங்கள். இரண்டாவது இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணில் படாது. முதல் கட்டத்தில் உள்ளதை வைத்துத்தான் அன்கி இரட்டிப்பைக் கண்டுபிடிக்கிறது. அங்கே தமிழை வைத்தால், ஒரே தமிழ்ப் பொருள் கொண்ட இரண்டாவது ஜெர்மன் சொல் முதலாவதன் மேல் சத்தமில்லாமல் எழுதப்பட்டுவிடும். முதல் கட்டத்தில் ஜெர்மன் சொல்லை வையுங்கள். எந்தப் பக்கம் கேள்வியாக வர வேண்டும் என்பதை கார்டின் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் ஏற்றுவது என்பதும் முக்கியம். பாடநூல்கள் நிறங்களை ஒரே பக்கத்தில், பழங்களை ஒரே பக்கத்தில் தருகின்றன. ஒரே குடும்பச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றொன்றோடு குழம்பிக் கற்றல் தாமதமாகிறது என்று டிங்கம் 1993-லும் வேரிங் 1997-லும் சோதித்துக் காட்டினார்கள். இடது, வலது இரண்டையும் ஒரே நாளில் கற்றவருக்கு எது எது என்ற ஐயம் மாதக்கணக்கில் தீராது. ஒன்றை இன்று போடுங்கள், மற்றதை இரண்டு வாரம் கழித்து.

விடையைப் பார்த்ததும் நினைவிருந்ததா என்று சொல்ல அழுத்தும் பொத்தான்களில், பெரும்பாலோர் தவறு செய்வது ஹார்ட் பொத்தானில். விடை வரவில்லை என்றால் அகெய்ன் மட்டுமே. ஹார்ட் என்றால் சிரமப்பட்டாவது விடை வந்தது என்று பொருள். மறந்ததற்கெல்லாம் ஹார்ட் அழுத்தினால் எஃப்எஸ்ஆர்எஸ் உங்களுக்கு நினைவிருப்பதாக எண்ணி நாளைத் தள்ளிப்போடும், கணக்கே புரண்டுவிடும். எட்டு முறை மறந்த கார்டுக்கு அன்கி லீச் என்று முத்திரை குத்தும். தமிழில் லீச்சும் அட்டை, கார்டும் அட்டை என்பதால்தான் இந்தக் கட்டுரையில் கார்டு என்றே எழுதிவருகிறோம். அந்த முத்திரை விழுந்தால் மேலும் முட்டி மோதாமல் கார்டைத் திருத்துங்கள்: வாக்கியத்தை மாற்றுங்கள், படம் சேருங்கள், குழப்பும் இரட்டையைச் சில நாள் நிறுத்தி வையுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போய் வந்து 600 கார்டு குவிந்திருந்தால் பதற வேண்டாம். புதிய கார்டைப் பூச்சியமாக்கி, மறுபார்வையின் உச்சவரம்பை 100 என்று வைத்தால் இரண்டு வாரத்துக்குள் கரையத் தொடங்கும். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது மட்டும் கூடாது.

கணினியிலும் கைபேசியிலும் இருக்கும் கார்டுகளை ஒன்றாக்கும் ஒத்திசைவில் ஓர் ஆபத்து உண்டு. கணினியில் கட்டங்களைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, அடுத்த ஒத்திசைவில் 'ஏற்றவா, இறக்கவா' என்று கேட்கும். தவறான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுகருவியில் படித்த நாட்களின் பதிவு போய்விடும். கட்டங்களைத் தொடுமுன் எல்லாக் கருவிகளையும் ஒரு முறை ஒத்திசைத்துவிடுங்கள்.

அன்கி செய்யாதவற்றை அதன் குறையாகச் சொல்ல மாட்டோம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். பால் நேஷன் மொழிப் படிப்பை நான்கு இழைகளாகப் பிரித்துச் சம நேரம் தரச் சொல்கிறார்: புரிந்து கேட்டலும் வாசித்தலும், பேசலும் எழுதலும், மொழிக்கூறுகளைத் தனியே கற்றல், சரளப் பயிற்சி. அன்கி மூன்றாவது இழைக்குள் ஒரு பகுதி. நாளுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் அன்கிக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

திரை பிடிக்காதவர்களுக்கு ஜெபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய காகிதப் பெட்டி இருக்கிறது. ஒரு செருப்புப் பெட்டியில் ஐந்து அறை. புதிய கார்டு முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறை, தவறினால் எந்த அறையிலிருந்தும் மீண்டும் முதலாவது. முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவதை மாதத்துக்கு ஒரு முறை எடுங்கள். ஏ1-இன் 650 சொல்லுக்கு இது தாராளமாகப் போதும். ஒலி இருக்காது, ஆகவே வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.