நாய்க்கு லிம்ஃபோமா: மூன்று வழிகளில் உங்கள் வீட்டுக்கு எது?

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு அளவில் கட்டி தட்டுப்படுகிறது. நாய் வழக்கம்போலச் சாப்பிடுகிறது, வாலை ஆட்டுகிறது. விலங்கு மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்துவிட்டு லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், என்கிறார். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான நாய்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம்தான். ஆகவே முடிவை ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது.

பொதுவாக முன்னால் வைக்கப்படும் வழிகள் மூன்று. ‘சாப்’ எனப்படும் நான்கு மருந்துக் கீமோ, டாக்ஸோரூபிசின் மட்டும் கொடுக்கும் கீமோ, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோடு வீட்டிலேயே பார்த்துக்கொள்வது.

எதை எடுத்தாலும் சரி, முதலில் இதைக் கேளுங்கள். “இப்போதைக்கு இந்த ஸ்டீராய்டைக் கொடுங்கள், கீமோவைப் பிறகு யோசிக்கலாம்” என்று தொடங்குவது பிசகு. பிரெட்னிசலோனைத் தனியாகச் சில வாரம் கொடுத்த நாய்க்கு அப்புறம் கீமோ சரியாக எடுபடாமல் போகலாம், புற்றணுக்கள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகின்றன. கட்டி சுருங்கிவிடுவதால் மேற்கொண்டு செய்யும் சோதனைகளும் குழம்பும். கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். கூடவே, புற்று எந்த வகை வெள்ளணுவில் தொடங்கியது, பி வகையா டி வகையா என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள். டி வகை என்றால் கீமோவால் கிடைக்கும் காலம் பெரும்பாலும் குறைவு. கணக்கே மாறிவிடும்.

சரி, சாப். நன்றாக வேலை செய்வது இதுதான், அதில் சந்தேகமில்லை. பத்து நாய்களில் எட்டு, ஒன்பதுக்குக் கட்டி வற்றிவிடும். பி வகையில் பாதி நாய்களாவது ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும், சில இரண்டு வருடத்தையும் தாண்டும். ஆனால் இது குணமாக்கும் சிகிச்சை இல்லை, நோய் அநேகமாகத் திரும்பி வரும். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் 19 வாரத்தில் 16 தடவை மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் சிங்கப்பூரில் நாயை எம்ஆர்டியிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது. சொந்தக் கார் இல்லாத வீட்டுக்கு இது போக வர 32 கிராப்பெட் (செல்லப்பிராணியை ஏற்றும் வாடகைக் கார்) சவாரி. வேலைக்குப் போகும் கணவன் மனைவி இருவரில் ஒருவர் கிட்டத்தட்ட வாராவாரம் அரைநாள் லீவு எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் சேர்த்தால் செலவு பல ஆயிரம் வெள்ளி. நம் மருத்துவச் செலவுக்கு உதவும் மெடிசேவ், மெடிஷீல்டு எதுவும் செல்லப்பிராணிக்குக் கிடையாது. நோய் தெரிந்த பிறகு எடுக்கும் காப்புறுதியில் அந்த நோய் சேராது.

மனிதர்கள் கீமோவில் படும் பாட்டைப் பார்த்தவர்கள், “அந்த வாயில்லா ஜீவனைப் போட்டு வதைக்காதே” என்பார்கள். என் அத்தையும் அப்படித்தான் சொன்னார். அன்பில் சொல்வதுதான், ஆனால் நாய்க்குக் கொடுக்கும் அளவே வேறு. நோயை வேரோடு அறுக்க வேண்டும் என்று மருந்தை ஏற்றுவதில்லை, நன்றாக இருக்கும் நாட்களைக் கூட்டுவதுதான் நோக்கம். பெரும்பாலான நாய்களுக்கு ஓரிரு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, அவ்வளவுதான். பூடில் போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு முடி பெரிதாகக் கொட்டாது. கவனமாக இருக்க வேண்டியது மருந்து ஏறி ஒரு வாரம் ஆகும் சமயத்தில். அப்போது வெள்ளணுக்கள் குறையும். காய்ச்சலோடு நாய் படுத்தே கிடந்தால் காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே 24 மணிநேர மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டாக்ஸோரூபிசின் மட்டும் என்ற நடு வழியைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து தடவை. கிடைக்கும் காலம் சாப்பைவிடக் குறைவு, ஆறிலிருந்து எட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் மருத்துவமனை வாசமே இல்லாத வாரங்கள் நிறைய கிடைக்கும். காரில் ஏறினாலே நடுங்கும் நாய்க்கு அது பெரிய விஷயம். மருந்து சிவப்பாக இருக்கும், நரம்பில் மெதுவாக ஏறும். நரம்பை விட்டுக் கசிந்தால் தசையையே அழித்துவிடும் என்பதால் நாய் அசையாமல் இருக்க வேண்டும். இதயத்தையும் பாதிக்கக்கூடியது, அதனால் தொடங்கும் முன் இதய ஸ்கேன் எடுப்பது நல்லது. பணமும் லீவும் குறைவாக உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சாப்பைத் தொடங்கிவிட்டு முடியாமல் பாதியில் நிறுத்துவதைவிட இது மேல்.

கீமோ வழி இரண்டிலும் வீட்டில் ஒரே ஒழுங்குதான். மருந்து கொடுத்த மூன்று நாளுக்குக் கையுறை இல்லாமல் மூத்திரத்தையோ மலத்தையோ தொடக்கூடாது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நாய் மூத்திரம் போனால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், குழந்தைகள் ஓடும் இடம் அது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த வேலை வேறொருவருடையது. பணிப்பெண் பார்த்துக்கொள்வார் என்றால் அவருக்கும் விளக்கிச் சொல்லிக் கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும். அவர் உடம்பும் உடம்புதான்.

மூன்றாவது, பிரெட்னிசலோன். கிடைக்கும் காலம் ஒன்றிரண்டு மாதம். செலவு மிகக் குறைவு, முதல் சில நாளிலேயே கட்டி சுருங்கி நாய் பழையபடி துள்ளும். ஆனால் தண்ணீராகக் குடிக்கும், மூத்திரம் அடங்காது. பன்னிரண்டாவது மாடியில் நள்ளிரவில் லிஃப்டுக்குக் காத்து நிற்பதைவிட, சமையலறைப் பக்கக் குளியலறையில் பேட் விரித்துப் பழக்குங்கள். தட்டை நக்கி முடித்துவிட்டு மறுபடி உங்கள் தட்டைப் பார்க்கும், பசி அப்படி. வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கூடவே கொடுத்துவிடாதீர்கள், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பதினான்கு வயது நாய், அல்லது ஏற்கெனவே சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்துவிட்ட நாய் என்றால் நான் தயங்காமல் இந்தப் பக்கம்தான் நிற்பேன். இது நாயைக் கைவிடுவது என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். இந்த வழிக்கு, வீட்டுக்கே வந்து ஊசி போட்டு வழியனுப்பும் மருத்துவர் யார் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைப்பது அவசியம்.

மஞ்சள், வேப்பிலை, மூலிகைப் பொடி என்று வருவதெல்லாம் இந்த மூன்றுக்கும் மாற்று இல்லை. கீமோ நடக்கும்போது எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் கலக்காதீர்கள், பச்சை இறைச்சியும் வேண்டாம்.

பூனை வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இருப்பதால் இனி இந்தக் கேள்வி அதிகம் வரும். பூனையின் குடலில் மெதுவாக வளரும் சிறு அணு லிம்ஃபோமா என்றால் குளோராம்புசில் (இது கீமோ மருந்து), பிரெட்னிசலோன் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கலாம். பல பூனைகள் இரண்டு வருடத்துக்கு மேலும் நன்றாக இருக்கின்றன. குளோராம்புசில் மாத்திரையை மட்டும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, முழுசாக, கையுறையோடு.