குடும்பப்பெயர்க் கட்டத்தில் யார் பெயர்? பல்கலைக்கழக டைரக்டரித் தரங்கள்: ஓர் ஒப்பீடு

பல்கலைக்கழகத்துக்கு டைரக்டரி சேவை, அதாவது மாணவர், ஆசிரியர், அலுவலர் விவரங்களை வைத்து மற்றச் சேவைகளுக்கு ஆளை அடையாளம் காட்டும் தரவுதளம், அமைக்கலாம் என்று கூடினால், ஓப்பன்எல்டாப் என்ற திறமூல மென்பொருளா மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியா என்ற வாக்குவாதம்தான் முதலில் கிளம்பும். அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆய்வகக் கணினிகளும் அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களும் விண்டோஸ் பழக்கம் என்றால் ஆக்டிவ் டைரக்டரி. லினக்ஸ் சர்வர்கள் அதிகம், உரிமத்துக்குப் பணமில்லை, ஸ்கீமா (பதிவில் எந்தெந்தப் புலங்கள் இருக்கும் என்ற வரையறை) எழுதத் தெரிந்த ஓரிருவர் கையில் இருக்கிறார்கள் என்றால் ஓப்பன்எல்டாப். இரண்டும் பேசுவது, 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவெடுத்த அதே எல்டாப் என்ற, டைரக்டரியிடம் விவரம் கேட்கும் நெறிமுறையைத்தான். ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குப் பிற்பாடு மாறுவது சிரமம், ஆனால் முடியும். உள்ளே எந்தத் தகவலை எந்தப் பொருளில் வைத்தோம் என்பதுதான் பத்து ஆண்டுகள் கழித்து மாற்றவே முடியாமல் நிற்கும். ஒப்பிட வேண்டியது அதை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஒரு நபரின் பதிவில் என்னென்ன புலங்கள் இருக்கும் என்று சொல்லும் எல்டாப்பின் அடிப்படை 'பெர்சன்' வகுப்பில் முழுப்பெயருக்கான 'சிஎன்', குடும்பப்பெயருக்கான 'எஸ்என்' இரண்டும் கட்டாயம். 2000-இல் வந்த ஐநெட்ஆர்க்பெர்சன் என்ற விரிவான வகுப்பும் அதன்மேல் கட்டப்பட்டதால் அதிலும் அப்படியே. ஆக்டிவ் டைரக்டரி மட்டும் எஸ்என்னைக் கட்டாயமாக்கவில்லை. 'செ. முத்துலட்சுமி' என்று எழுதும் மாணவிக்கு அந்தக் கட்டத்தில் என்ன போடுவது? 'செ' என்று மட்டும் போட்டால், அவருக்கு வரும் கடிதம் 'அன்புள்ள செ' என்று தொடங்கும். அப்பா பெயரை முழுசாகப் போட்டால், ஒவ்வொரு சேவையும் அவரை அப்பா பெயரில் கூப்பிடும். ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள்கூட அப்பா பெயரில் போகலாம். மூன்றாவது வழி, முத்துலட்சுமி என்பதையே எஸ்என்னிலும் போட்டு, காட்டும் பெயருக்கான 'டிஸ்ப்ளேநேம்' புலத்தில் அவர் எழுதுகிறபடி இனிஷியலோடு வைப்பது. என் வாக்கு இதற்குத்தான். சில சேவைகள் 'முத்துலட்சுமி முத்துலட்சுமி' என்று காட்டும், பார்க்க அழகில்லை. ஆனாலும் அது அவருடைய பெயர்.

'இனிஷியல்ஸ்' என்று தனிப் புலமே இருக்கிறதே என்பார்கள். அதன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: குடும்பப்பெயர் நீங்கலாக ஒருவருடைய மற்றப் பெயர்களின் முதலெழுத்துகள். நம் இனிஷியலோ தகப்பன் பெயரின் முதலெழுத்து. ஐரோப்பியர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். அவர்கள் ஐரோப்பியக் கல்வி நிறுவனங்களுக்கான 'ஷாக்' என்ற டைரக்டரிப் புலத் தொகுப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் புலம் வைத்துக்கொண்டார்கள். நமக்கென்று யாரும் வைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. எல்டாப்பின் மூன்றாம் பதிப்பு யூனிகோடில் இயங்குவதால், மொழிக்குறி சேர்த்துத் தமிழ் எழுத்திலும் பெயரை வைக்கலாம். அதையாவது செய்யலாம்.

அடுத்து, எடுபெர்சனா ஷாக்கா? எடுபெர்சன், உயர்கல்விக்கான இன்னொரு புலத் தொகுப்பு. 2001-இல் அமெரிக்காவில் இன்டர்நெட்2, எஜுகாஸ் என்ற இரண்டு உயர்கல்வி அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்டது. 'இவர் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன உறவு' என்பதே அதன் முக்கியக் கேள்வி. ஷாக் ஆளைப் பற்றிய விவரங்களுக்குள் போகும்: பிறந்த தேதி, பாலினம், குடியுரிமை, தனி எண். நாடுவிட்டு நாடு போய்ப் படிக்கும் ஐரோப்பிய மாணவருக்கு அந்தத் தனி எண் புலம் உயிர்நாடி. ஐரோப்பிய மாணவர் அடையாள எண் அதில்தான் பயணிக்கிறது. நமக்கு எடுபெர்சனே போதும். பிறந்த தேதியும் சாதிச் சான்றிதழ் விவரமும் மாணவர் சேர்க்கைத் தரவுதளத்தில் இருக்கட்டும். டைரக்டரியில் இல்லாத தகவல் டைரக்டரியிலிருந்து கசியாது.

எடுபெர்சனில் சிக்கலான இடம், உறவைச் சொல்லும் 'அஃபிலியேஷன்' புலம். அதில் எட்டுச் சொற்களுக்குத்தான் அனுமதி: ஆசிரியர், மாணவர், அலுவலர், ஊழியர், உறுப்பினர், தொடர்புடையவர், முன்னாள் மாணவர், நூலகத்துக்கு நேரில் வருபவர். இவை அமெரிக்க வளாகத்தை மனதில் வைத்து எழுதியவை. 'ஃபேகல்டி' என்றால் அங்கே பேராசிரியர். பிரிட்டனில் அது துறைகளின் தொகுதி. கௌரவ விரிவுரையாளர் ஆசிரியரா, தொடர்புடையவரா? பகுதிநேர முனைவர் பட்ட மாணவராகவும் இருக்கும் உதவிப் பேராசிரியருக்கு இரண்டையும் கொடுங்கள். ஒன்றுக்கு மேல் வைக்க அந்தப் புலம் இடம் தருகிறது. இணைப்புக் கல்லூரி மாணவர் விஷயம் இன்னும் கனமானது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளை இணைத்துக்கொண்ட பல்கலைக்கழகம் எல்லாரையும் 'உறுப்பினர்' என்று அறிவித்தால், வளாகத்துக்கென்று வாங்கிய இதழ்ச் சந்தா அத்தனை பேருக்கும் திறந்துவிடும். ஒப்பந்தம் அதற்கு இடம் தருமா? இதை கணினி மையம் தனியாக முடிவு செய்யக்கூடாது. பதிவாளரும் நூலகரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் வேண்டும்.

கடைசியாக, ஆளை அடையாளம் காட்டும் குறியீடு. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நூலக மையம் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு வழியாகவோ, இலங்கையில் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு நடத்தும் கூட்டமைப்பு வழியாகவோ, பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே வெளிச் சேவைக்குள் நுழையும்போது ஒருவருக்காகப் பேசுவது இதுதான். பலரும் எடுபெர்சனின் 'பிரின்சிபல்நேம்' புலத்தைக் கொடுக்கிறார்கள். பார்க்க மின்னஞ்சல் மாதிரி, நினைவில் நிற்கும். ஆனால் ஒருவர் போனபின் அதை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று தரம் தடுக்கவில்லை. எஸ். கார்த்திக் படிப்பு முடித்துப் போகிறார், இரண்டு ஆண்டில் இன்னொரு எஸ். கார்த்திக் வருகிறார், அதே முகவரி கிடைக்கிறது. முதலாமவர் ஆய்வுத் தளத்தில் விட்டுப்போன கணக்கு இரண்டாமவருக்குத் திறக்கும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நம் ஊரில் இது கற்பனை ஆபத்து இல்லை.

2013-இல் எடுபெர்சனில் சேர்ந்த 'யுனிக்ஐடி' மறுபடி யாருக்கும் தரப்படாது. பெயரின் சுவடும் அதில் இருக்காது. 2019-இல் ஒயாசிஸ் என்ற தர அமைப்பு, இப்படி வெளிச் சேவைக்குள் நுழையப் பயன்படும் சாம்ல் முறைக்கு இரண்டு குறியீடுகளை வரையறுத்தது. 'சப்ஜெக்ட்-ஐடி' எல்லாச் சேவைக்கும் ஒன்றே. 'பேர்வைஸ்-ஐடி' சேவைக்குச் சேவை வேறு, ஆகவே இரண்டு பதிப்பகங்கள் சேர்ந்தாலும் அதை வைத்து ஒரு மாணவர் எதையெல்லாம் படித்தார் என்று கோக்க முடியாது. இதழ்களுக்கு பேர்வைஸ், ஆளை அறிந்தே ஆகவேண்டிய ஆய்வுக் கணினி வசதிகளுக்கு சப்ஜெக்ட்-ஐடி. பழைய சேவைகளுக்காக பிரின்சிபல்நேமையும் வைத்திருக்கத்தான் வேண்டும். அப்படி வைத்தால், சேர்க்கை எண்ணையோ ஒரு வரிசை எண்ணையோ கலந்து உருவாக்குங்கள். படித்து முடித்தவரின் முகவரியை ஐந்து ஆண்டு கழித்தும் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.